40 டிகிரியிலும் வெளுக்காத பிநைபாம் கரைசல்: சங்கிலி விரிந்துதான் இருக்கிறதா?

#1 · தேன்மொழி

வணக்கம். ஐந்து மாதமாக பிநைபாம், அதாவது பாலி-என்-ஐசோபுரொப்பைல்அக்ரிலமைடு என்ற பாலிமரோடு வேலை செய்துகொண்டிருக்கிறேன். லிட்டருக்கு 1 கிராம் கரைசல். வெறும் நீரில் பிரச்சினை எதுவும் இல்லை. 31 டிகிரி வரை கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. 32ஐத் தாண்டிய ஒரு நிமிடத்துக்குள் பால் போல வெளுத்துவிடுகிறது. ஆறவிட்டால் மறுபடி தெளிகிறது.

எஸ்டிஎஸ் (சோடியம் டோடெசைல் சல்பேட், சோப்பு போன்ற ஒரு பொருள்) சேர்த்ததும் நிலைமை மாறிவிட்டது. லிட்டருக்கு 0.3 மில்லிமோலில் சொல்லும்படி எதுவும் இல்லை. 1 மில்லிமோலில் 34 டிகிரி வாக்கில் லேசாக ஒரு நீலச் சாயல் வந்தது, வெளுக்கவில்லை. 10 மில்லிமோலில் 60 டிகிரி வரை கொண்டுபோயும் அசையவே இல்லை.

"எல்சிஎஸ்டி ஏறிவிட்டது, சங்கிலி விரிந்தபடியே இருக்கிறது, அப்படியே எழுதிவிடு" என்கிறார்கள் ஆய்வகத்தில். எல்சிஎஸ்டி என்றால் எந்தச் சூட்டுக்கு மேல் பாலிமர் நீரில் கரையாமல் பிரிகிறதோ அந்த வெப்பநிலை. எனக்கு அந்த நீலச் சாயல் உறுத்துகிறது. ஒன்றுமே நடக்கவில்லை என்றால் அது எங்கிருந்து வந்தது?

இன்னொன்றும் உண்டு. சிலிக்கான் தகட்டில் இதே பாலிமரை ஸ்பின் கோட் செய்து (தகட்டைச் சுழற்றிப் பூசி) 100 நானோமீட்டர் படலம் போட்டேன். 40 டிகிரி வெறும் நீரில் படலம் அப்படியே நின்றது. 40 டிகிரி எஸ்டிஎஸ் நீரில் சில நிமிடங்களில் தகட்டின் ஊதா நிறம் வெளிறிக்கொண்டே போய், கடைசியில் வெறும் சிலிக்கானின் சாம்பல் பளபளப்பு மட்டும் மிஞ்சியது. இரண்டுக்கும் ஒரே காரணமா?

---

#2 · கரைசல்காரன்

தேன்மொழி, அந்த உறுத்தலை விடாதீர்கள். கேள்வியின் உயிர் அதில்தான் இருக்கிறது.

நீங்கள் கண்ணால் பார்ப்பது கலங்கல். கலங்கல் வர இரண்டு காரியம் நடக்க வேண்டும். முதலில் ஒவ்வொரு சங்கிலியும் நீரை உதறிவிட்டு உருண்டையாகச் சுருங்க வேண்டும். பிறகு அந்த உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்குப் பெரிதாக வேண்டும். வெறும் நீரில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடப்பதால் ஒன்றாகவே தெரிகிறது. எஸ்டிஎஸ் வந்ததும் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

எஸ்டிஎஸ்ஸின் பன்னிரண்டு கார்பன் வால் பாலிமரின் ஐசோபுரொப்பைல் பகுதிகளோடு ஒட்டிக்கொள்ளும். சல்பேட் தலை நீரைப் பார்த்து நிற்கும், எதிர்மின்னோடு. வெறும் நீரில் எஸ்டிஎஸ் மூலக்கூறுகள் கூடி மைசெல் என்ற சிறு உருண்டை ஆவதற்கு 25 டிகிரியில் சுமார் 8 மில்லிமோல் வேண்டும், அந்த அளவைத்தான் சிஎம்சி என்போம். பிநைபாம் பக்கத்தில் இருந்தால் 1 மில்லிமோலுக்குச் சற்றுக் கீழேயே சங்கிலியின் மேல் சிறு சிறு கொத்துகளாகக் கூட ஆரம்பித்துவிடும். நூலில் மணி கோத்தது போல. சாதாரண மைசெல்லில் அறுபது மூலக்கூறு வாக்கில் இருக்கும், இந்த மணிகளில் அதைவிடக் குறைவு.

ஆக 0.3 என்பது கொத்து கட்டும் அளவுக்கும் கீழே. 10இல் சங்கிலி முழுக்க மணி கோத்திருக்கிறது. ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியைத் தள்ளுகிறது. நடுநிலைப் பாலிமராக இருந்தது மின்னேற்றம் கொண்ட பாலிமர் போல நடக்க ஆரம்பிக்கிறது. அங்கே சங்கிலி விரிந்திருக்கிறது என்று சொல்ல நியாயம் உண்டு.

1 மில்லிமோல் அப்படியல்ல. கட்டிய எஸ்டிஎஸ் கொஞ்சம்தான். சங்கிலி சுருங்குவதைத் தடுக்க அது போதாமல் இருக்கலாம், ஆனால் சுருங்கிய உருண்டைகள் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தடுக்கப் போதும். அப்போது கரைசலில் என்ன இருக்கும்? சில பத்து நானோமீட்டர் அளவில், மின்னேற்றத்தால் தனித்தனியே மிதக்கும் துகள்கள். அந்த அளவுத் துகள் நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். நீங்கள் பார்த்த நீலம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

1990இல் சுவிட்சர்லாந்தின் பெர்னில் ரிச்காவும் மேவெஸும் சகாக்களும் ஒளிச்சிதறலை வைத்து இதே விஷயத்தைப் பிரித்துக் காட்டினார்கள். சங்கிலிகள் ஒன்றோடொன்று சேராமல் தடுக்கும் எஸ்டிஎஸ் அளவு ஒன்று, ஒரு சங்கிலி தனக்குள் சுருங்குவதையே தடுக்கும் அளவு அதைவிட அதிகம். கலங்கல் புள்ளியை மட்டும் அளந்துவிட்டு "எல்சிஎஸ்டி ஏறிவிட்டது" என்று எழுதுபவர்களை இன்னமும் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

---

#3 · குமிழி

குறுக்கே ஒரு கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையோ உப்போ சூடாக்கினால் இன்னும் நன்றாகக் கரைகிறது. இது மட்டும் ஏன் சூட்டில் வெளியே வருகிறது?

---

#4 · கரைசல்காரன்

குறுக்கே ஒன்றும் இல்லை, இது புரிந்தால்தான் மற்றதும் புரியும்.

பிநைபாம் சங்கிலியின் ஒவ்வொரு அலகிலும் இரண்டு குணம். அமைடு பகுதி நீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். ஐசோபுரொப்பைல் பகுதிக்கு நீர் ஒத்துவராது. அதைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் பிணைப்பை இழக்காமல் இருக்க, ஒழுங்காக அணிவகுத்து நிற்க வேண்டியிருக்கிறது. ஒழுங்கு என்றால் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) இழப்பு. குளிர்ந்த நீரில் பிணைப்பால் வரும் லாபம் அந்த இழப்பை ஈடுகட்டிவிடும். வெப்பநிலை ஏற ஏற என்ட்ரோபியின் எடை கூடும், 32 டிகிரி வாக்கில் தராசு சாய்ந்துவிடும். அணிவகுத்த நீர் விடுதலையாகிறது, சங்கிலி சுருங்குகிறது. அதற்கு ஓர் அலகுக்கு, மோல் கணக்கில், சுமார் 5-6 கிலோஜூல் வெப்பம் உள்ளே போகிறது. வெப்ப அளவியில் அழகான ஒரு குழியாகத் தெரியும்.

ஹெஸ்கின்ஸும் கில்லெட்டும் 1968இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார்கள். எஸ்டிஎஸ் சேர்த்தால் கலங்கல் தள்ளிப்போகிறது என்று எலியாசஃப் 1978இல் காட்டினார். பழைய விஷயம்தான், இன்னும் தீரவில்லை.

---

#5 · புரதவாசி

நான் புரதப் பக்கத்து ஆள். ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பிநைபாமின் ஓர் அலகும், புரதத்தில் வரும் லூசின் அலகும் ஒரே அணுக்கூட்டம்: 6 கார்பன், 11 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 1 ஆக்சிஜன். அடுக்கிய விதம்தான் வேறு. பிநைபாமில் அமைடு பக்கக் கிளையில் இருக்கிறது, புரதத்தில் அது முதுகெலும்பிலேயே இருக்கிறது.

எஸ்டிஎஸ் புரதத்தை விரிக்கும் என்பது எங்களுக்கு அன்றாட வேலை. ஒரு கிராம் புரதத்துக்கு ஏறக்குறைய 1.4 கிராம் எஸ்டிஎஸ் கட்டும். அந்த மின்னேற்றத்தை நம்பித்தான் ஜெல்லில் எடைவாரியாகப் பிரிக்கிறோம். அதனால் "10 மில்லிமோலில் சங்கிலி விரிந்திருக்கிறது" என்றால் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆனால் எஸ்டிஎஸ் கொஞ்சமாக இருக்கும்போது புரதம் முழுதாக விரிவதில்லை. பாதி மடிந்த, அரைகுறை நிலைகள் நிறைய உண்டு. கரைசல்காரன் 1 மில்லிமோலைப் பற்றிச் சொல்வதும் அந்த வகையாகத்தான் தெரிகிறது.

---

#6 · தேன்மொழி

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் 1 மில்லிமோலில் சுருங்கிய உருண்டைதான் இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது? டிஎல்எஸ் கருவி (ஒளிச்சிதறலை வைத்துத் துகள் அளவைச் சொல்வது) இருக்கிறது. நியூட்ரான் வசதி இப்போதைக்குக் கிடைக்காது.

---

#7 · கரைசல்காரன்

முதலில் டிஎல்எஸ். 1 மில்லிமோல் மாதிரியை 25, 30, 34, 38, 42 என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிடமாவது நிறுத்தி வையுங்கள், அவசரப்பட்டால் ஏமாற்றும். அளவோடு சேர்த்துச் சிதறல் செறிவையும் குறித்துக்கொள்ளுங்கள். சங்கிலி விரிந்தே இருந்தால் இரண்டும் பெரிதாக மாறாது. சுருங்கி, சிலது சிலதாகச் சேர்ந்திருந்தால் செறிவு பல மடங்கு தாவும், துகள் அளவும் மணிக்கணக்கில் நிலையாக நிற்கும். 10 மில்லிமோல் மாதிரியில் டிஎல்எஸ் தரும் ஆரத்தை அப்படியே நம்ப வேண்டாம். மின்னேற்றம் பெற்ற சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளும்போது அசைவின் வேகம் மாறும், கருவி அதைச் சிறிய ஆரம் என்று படித்துவிடும். தனி மைசெல்களின் வேகமான அசைவும் அதே அளவீட்டில் கலந்திருக்கும்.

அடுத்தது உப்புச் சோதனை. இதற்குச் செலவே இல்லை. 40 டிகிரியில் நீலச் சாயலோடு இருக்கும் மாதிரியில், அதே சூட்டில் வைத்திருந்த சோடியம் குளோரைடு கரைசலைச் சிறிது விடுங்கள். உருண்டைகளைப் பிரித்து வைத்திருப்பது மின்னேற்றம் மட்டும்தான் என்றால், உப்பு அதை மறைத்ததும் நொடியில் வெளுக்கும்.

ஒப்பீட்டுக்கு எஸ்டிஎஸ் இல்லாத கரைசலிலும் அதே உப்பை விட்டுப் பாருங்கள். உப்பு தன் பங்குக்கே கலங்கல் புள்ளியைக் கீழே இறக்கும். 1888இல் ஹோஃப்மைஸ்டர் அடுக்கிய வரிசைப்படி சல்பேட் அதிகம் இறக்கும், குளோரைடு அதைவிடக் குறைவாக. உப்பு சேர்த்தால் சிஎம்சியும் குறையும்: 100 மில்லிமோல் சோடியம் குளோரைடில் எஸ்டிஎஸ்ஸுக்கு 1.5 மில்லிமோல் அளவில் வந்துவிடும். அதனால் உப்பை அளவாகவே விடுங்கள்.

---

#8 · புரதவாசி

உப்பு என்றதும் நான் பட்டது நினைவுக்கு வருகிறது. சோடியம் குளோரைடு மட்டும், பொட்டாசியம் பக்கமே போகாதீர்கள்.

ஒருமுறை பொட்டாசியம் கலந்த பாஸ்பேட் பஃபரில் எஸ்டிஎஸ்ஸும் பிநைபாமும் கலந்து வைத்தேன். அறை வெப்பநிலையிலேயே வெளுத்துவிட்டது. கலங்கல் புள்ளி 20 டிகிரிக்கு இறங்கிவிட்டது என்று நம்பி இரண்டு வாரம் அதன் பின்னால் அலைந்தேன். உண்மையில் வெளுத்தது பாலிமரே அல்ல. பொட்டாசியம் டோடெசைல் சல்பேட் 30 டிகிரிக்குக் கீழே சரியாகக் கரையாது, படிகமாக விழுந்துவிடும். குடுவையை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தபோதுதான் பட்டுப்போல மினுமினுக்கும் ஊசிகள் தெரிந்தன. பாலிமர் கலங்கலுக்கு அந்த மினுமினுப்பு கிடையாது.

சூடாக்கிப் பார்த்தாலே பிரித்துவிடலாம். பாலிமர் என்றால் சூட்டில் வெளுக்கும், குளிரில் தெளியும். பொட்டாசியம் உப்பு நேர் எதிர். எஸ்டிஎஸ் கரைசலைக் குளிர்பெட்டியில் வைத்தாலும் இதே போலப் படிகம் விழும். அந்த மாதிரியை முழுக்கக் கரைக்காமல் எடுத்து அளந்தால் செறிவு தவறாகிவிடும்.

---

#9 · மெல்லேடு

கரைசல் பக்கத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நான் படலத்துக்கு வருகிறேன். பத்து வருடத்துக்கு மேல் இந்த ஏடுகளோடுதான் பிழைப்பு.

தேன்மொழி, உங்கள் ஸ்பின் கோட் படலத்தைத் தகட்டோடு எதுவும் கட்டிவைக்கவில்லை. 40 டிகிரி வெறும் நீரில் அது நிற்பதற்குக் காரணம் சங்கிலிகளுக்கு வெளியே போக விருப்பம் இல்லை என்பதுதான். எஸ்டிஎஸ் வந்ததும் ஒவ்வொரு சங்கிலிக்கும் மின்னேற்றம் கிடைத்து, அவிழ்ந்து நீருக்குள் போய்விட்டது. சங்கிலி விரிந்து போனதா, சிறு உருண்டையாகப் பிய்ந்து போனதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. படலம் போய்விட்டது என்று மட்டும்தான் சொல்லும்.

அதனால் தகட்டில் ஒரு முனை வேதிப்பிணைப்பால் கட்டப்பட்ட சங்கிலி அடுக்கு வேண்டும். பிரஷ் என்போமே, அது. ஓடிப்போக முடியாத படலத்தின் தடிமன் சங்கிலியின் சொந்த நிலையைச் சொல்லும். கரைசலில் உங்களைக் குழப்பியது திரள்வுதான். பிரஷ்ஷில் சங்கிலிகள் ஏற்கெனவே பக்கம் பக்கமாக நடப்பட்டிருப்பதால் தனியாகத் திரள வழியில்லை. சுருங்கினால் தடிமன் குறையும், விரிந்தால் கூடும். உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதிலை உங்களிடம் இருக்கும் கருவிகளால் வாங்க முடியாது.

நடவு எவ்வளவு நெருக்கம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். சதுர நானோமீட்டருக்கு 0.3 சங்கிலி என்றால் இரண்டு சங்கிலிகளுக்கு இடையே 1.8 நானோமீட்டர்தான். எஸ்டிஎஸ் மைசெல் குறுக்கே சுமார் 4 நானோமீட்டர். முழு மைசெல் உள்ளே நுழைய இடமே இல்லை. தனி மூலக்கூறாக நுழைந்து, உள்ளே கிடைக்கும் இடத்தில் சிறு கொத்தாகத்தான் கூட முடியும். அதே சமயம் 0.05 சங்கிலி என்றால் இடைவெளி 4.5 நானோமீட்டர் ஆகிவிடும், ஆட்டமே வேறு. நெருக்கமான பிரஷ்ஷில் மாற்றமும் 32இல் சட்டென்று நடக்காது. பல டிகிரி அகலத்துக்கு மெதுவாக நடக்கும், ஏனென்றால் அடியில் நெரிசல் அதிகம், நுனியில் குறைவு.

இந்தப் பாலிமர் பூசிய செல் வளர்ப்புத் தட்டுகளிலும் தடிமன்தான் எல்லாம். ஜப்பானின் ஒக்கானோ குழுவினர் காட்டியபடி, பிநைபாம் அடுக்கு 15-20 நானோமீட்டர் அளவில் இருக்கும்போது 37 டிகிரியில் செல்கள் ஒட்டி வளரும், 20 டிகிரிக்கு இறக்கினால் ஒரே விரிப்பாகக் கழன்று வரும். 30 நானோமீட்டர் வாக்கில் ஆனால் செல்கள் ஒட்டுவதே இல்லை. பத்துப் பதினைந்து நானோமீட்டர் வித்தியாசத்தில் குணமே மாறிவிடுகிற பொருள் இது.

---

#10 · குமிழி

மெல்லேடு அக்கா, சோப்புக் குமிழியும் மெல்லிய படலம்தானே? அதில் இந்தப் பாலிமரைப் போட்டால்?

---

#11 · மெல்லேடு

நல்ல கேள்வி, ஆனால் அங்கே கணக்கு வேறு. குமிழிச் சுவர் என்பது இரண்டு பரப்புகளுக்கு நடுவே ஒரு நீர்த் தாள். நீர் வடிய வடிய நிறங்கள் மாறி, கடைசியில் மேல்பக்கம் கருப்பாகிவிடும், பார்த்திருப்பீர்கள். அந்தக் கருப்பு வந்த இடத்தில் தடிமன் 30 நானோமீட்டருக்கும் கீழே. எஸ்டிஎஸ் மட்டும் உள்ள படலத்தில் உப்பு போதிய அளவு இருந்தால் 4-5 நானோமீட்டர் வரைகூட மெலியும்: இரண்டு எஸ்டிஎஸ் அடுக்கும் நடுவில் ஒரு துளி ஈரமும் மட்டும்.

பிநைபாமும் பரப்புக்கு ஏறும் சரக்குதான். தனியாகவே நீரின் பரப்பு இழுவிசையை 72இலிருந்து மீட்டருக்கு 42 மில்லிநியூட்டன் அளவுக்கு இறக்கிவிடும். எஸ்டிஎஸ் குறைவாக இருக்கும்போது இரண்டும் பரப்பைப் பங்குபோட்டுக்கொள்ளும். எஸ்டிஎஸ் கூடக்கூட பாலிமர் பரப்பை விட்டு இறங்கி, மணி கோத்த சங்கிலியாகக் கரைசலுக்குள் போய்விடும். அதனால் பரப்பு இழுவிசை வரைபடத்தை மட்டும் வைத்து "இங்கே கட்ட ஆரம்பித்தது" என்று புள்ளி குறிப்பது இந்த ஜோடிக்கு ஆபத்தான வேலை. இரண்டுமே பரப்பை இறக்குவதால் வளைவில் தெளிவான முறிவு கிடைக்காது.

எஸ்டிஎஸ் பழையதாக இருந்தால் இன்னும் மோசம். அது மெதுவாக உடைந்து டோடெக்கனால் உண்டாகும். அதன் துளி கலப்பே சிஎம்சிக்குப் பக்கத்தில் வளைவில் ஒரு பள்ளத்தைத் தோண்டிவிடும். எத்தனாலில் மறுபடிகமாக்கி, கரைசலை அன்றன்றே போட்டு வேலை செய்யுங்கள்.

---

#12 · தேன்மொழி

அக்கா, பக்கத்து ஆய்வகத்தில் கேட்டுப் பார்த்தேன். தகட்டின் மேலேயே வளர்த்த பிநைபாம் பிரஷ் தருகிறார்கள். உலர்ந்த நிலையில் 22 நானோமீட்டர். எலிப்சோமெட்ரியும் (ஒளியை வைத்துப் படலத் தடிமன் அளப்பது) குவார்ட்ஸ் படிகத் தராசும் (படிகத்தின் அதிர்வெண்ணை வைத்து எடை அளப்பது) இருக்கின்றன. 1 மில்லிமோல் எஸ்டிஎஸ் நீரில் பிரஷ்ஷை வைத்து 40 டிகிரியில் தடிமன் பார்த்தால், 1 மில்லிமோல் கரைசலோடு நேராக ஒப்பிடலாம் இல்லையா?

---

#13 · கரைசல்காரன்

இங்கேதான் நிறுத்த வேண்டும். ஒப்பிட முடியாது.

உங்கள் குடுவையில் 1 மில்லிமோல் என்பது மொத்தம். லிட்டருக்கு 1 கிராம் பாலிமர் என்றால் அலகுக் கணக்கில் கிட்டத்தட்ட 9 மில்லிமோல் பிநைபாம் இருக்கிறது. எஸ்டிஎஸ்ஸில் ஒரு பங்கு அதில் கட்டிவிடும், மிச்சம்தான் நீரில் சுதந்திரமாக இருக்கும். தகட்டில் இருப்பதோ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2-3 மைக்ரோகிராம் பாலிமர். அது எவ்வளவு உறிஞ்சினாலும் தொட்டியின் செறிவு இறங்காது. ஆக உங்கள் பிரஷ் முழு 1 மில்லிமோலையும் பார்க்கிறது, கரைசலில் உள்ள சங்கிலி அதைவிடக் குறைவாகப் பார்க்கிறது. கட்டும் அளவு செங்குத்தாக ஏறும் இடமே இதுதான். 0.2 மில்லிமோல் பிழைகூட முடிவைப் புரட்டிப் போடும்.

---

#14 · மெல்லேடு

இதை ஒப்புக்கொள்கிறேன். நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு வழி தோன்றுகிறது. பாலிமர் கரைசலை டயாலிசிஸ் பையில் (சிறு மூலக்கூறுகளை விட்டு, பாலிமரைப் பிடித்துவைக்கும் பை) கட்டி, பெரிய எஸ்டிஎஸ் தொட்டியில் போடுங்கள். அதே தொட்டி நீரை எடுத்து பிரஷ்ஷுக்கும் விடுங்கள். பைக்குள் பாலிமர் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளட்டும், கடைசியில் இரண்டும் ஒரே தொட்டியோடு சமநிலையில் இருக்கும். சிஎம்சிக்குக் கீழே தனி மூலக்கூறுகள் பைச் சுவரைத் தாண்டும், ஆனால் வேகமாகத் தாண்டாது. மூன்று நாளாவது விடுங்கள், நடுவில் இருமுறை தொட்டி நீரை மாற்றுங்கள். மின்னேற்றம் பெற்ற பாலிமர் உள்ளே அடைபட்டிருப்பதால் இரண்டு பக்கமும் எஸ்டிஎஸ் துல்லியமாகச் சமமாகாது. ஆனாலும் மொத்தச் செறிவை வைத்து ஒப்பிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம் தராசைப் பற்றி. 25 டிகிரியில் நீரின் பாகுநிலை 0.89 மில்லிபாஸ்கல்-நொடி, 40இல் 0.65. சூடாக்கினாலே அதிர்வெண் நகரும், படலம் ஒன்றும் செய்யாமலே. அதனால் வெறும் படிகத்தை அதே தொட்டி நீரில், அதே வெப்ப ஏற்றத்தில் ஓட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். நீரில் ஊதியிருக்கும் பிரஷ் மென்மையானது. அதிர்வெண்ணை நேராக எடையாக மாற்றும் எளிய சூத்திரம் அங்கே பொய் சொல்லும். ஆற்றல் இழப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

தொடுகோணம் (சொட்டு படலத்தைத் தொடும் கோணம்) எடுக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். எஸ்டிஎஸ் உள்ள சொட்டில் தொடுகோணம் எடுத்தால் படலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, எஸ்டிஎஸ் சொட்டின் பரப்பையே மாற்றிவிட்டது. விட்டுவிடுங்கள்.

---

#15 · புரதவாசி

எதிர்மின் வகையான எஸ்டிஎஸ்ஸை விட்டு, நேர்மின் வகைச் சோப்புப் பொருளான சிடாப் போட்டுப் பார்த்தால் ஒப்பீட்டுக்கு உதவுமா?

---

#16 · மெல்லேடு

கரைசலில் உதவும். நேர்மின் வகை பிநைபாமோடு எஸ்டிஎஸ் அளவுக்கு ஒட்டாது, கலங்கல் புள்ளியும் அவ்வளவு நகராது. தகட்டில் வேண்டாம். சிலிக்கானின் மேல் உள்ள ஆக்சைடு நடுநிலை நீரில் எதிர்மின்னோடு இருக்கும். எஸ்டிஎஸ்ஸை அது தள்ளிவிடும், சிடாப்பை இழுத்துக்கொள்ளும். தராசில் எடை கூடினால் அது பிரஷ்ஷில் ஏறியதா, அடியில் தகட்டில் படிந்ததா என்று பிரிக்க முடியாது.

---

#17 · தேன்மொழி

மூன்று வாரம் ஆகிவிட்டது, எல்லோரும் மன்னிக்க வேண்டும். டயாலிசிஸ் பொறுமையைச் சோதித்துவிட்டது.

தொட்டியில் 0.8 மில்லிமோல் எஸ்டிஎஸ், மறுபடிகமாக்கியது. மூன்றாம் நாள் பையிலிருந்து எடுத்த கரைசலை 40 டிகிரிக்கு ஏற்றினேன். அதே நீலச் சாயல். மாதிரிக் குப்பியான குவெட்டுக்குப் பின்னால் கருப்புத் தாளைப் பிடித்தால்தான் தெரிகிறது, பக்கவாட்டில் வெளிச்சம் விட்டால் புகை போல. ஒளிச்சிதறலில் செறிவு 34க்கும் 36க்கும் நடுவே சட்டென்று தாவியது. அதன் பிறகு துகள் அளவு ஆறு மணி நேரம் நகரவில்லை. பிறகு சூடான சோடியம் குளோரைடு கரைசல் விட்டேன். சொட்டு விழுந்த இடத்திலிருந்து வெள்ளை இழை இழையாக இறங்கியது. குவெட்டைக் கவிழ்த்து நிமிர்த்துவதற்குள் முழுதும் பால். எஸ்டிஎஸ் இல்லாத கரைசல் 40 டிகிரியில் ஏற்கெனவே வெள்ளையாக இருப்பதால் அதை 28 டிகிரியில் வைத்து அதே அளவு உப்பு விட்டேன், தெளிவாகவே இருந்தது. அந்தச் சிறிய அளவு உப்பு தானாக அவ்வளவு தூரம் இறக்கவில்லை.

பிரஷ்: அதே தொட்டி நீரில் 20 டிகிரியில் நன்றாக ஊதியிருந்தது, வெறும் நீரில் இருந்ததைவிடச் சற்று அதிகமாகவே. 40 டிகிரியில் சுருங்கிவிட்டது. வெறும் நீரில் சுருங்கிய அளவுக்கு மிகப் பக்கத்தில் வந்து நின்றது, சுருங்க ஆரம்பித்த வெப்பநிலை மட்டும் சில டிகிரி மேலே. ஆக கரைசல் தெளிவு, சங்கிலி சுருக்கம், இரண்டும் ஒரே நீரில்.

தொட்டியை 5 மில்லிமோலாக மாற்றியதும் பிரஷ் 40 டிகிரியிலும் ஊதியபடியே இருந்தது. ஊதலை முழுக்கக் குறைக்க என் கருவி அனுமதித்த வெப்பநிலை போதவில்லை.

ஒரு தவறும் செய்தேன். முதல் சுற்று முடிந்ததும் அதே தகட்டை 40 டிகிரி நீரில் கழுவிவிட்டு இரண்டாவது சுற்றுக்குப் போட்டேன், எண்கள் ஒத்துவரவில்லை. சுருங்கிய படலத்துக்குள் எஸ்டிஎஸ் மாட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். 15 டிகிரி நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நான்கு முறை நீர் மாற்றிய பிறகுதான் படலம் பழைய தடிமனுக்குத் திரும்பியது.

---

#18 · கரைசல்காரன்

அந்த உப்புச் சொட்டு இழை இழையாக இறங்குவதைப் படித்தபோது மனசுக்கு மிகவும் நிறைவாக இருந்தது. இனி "எல்சிஎஸ்டி ஏறியது" என்று ஒற்றை வரியில் எழுத வேண்டாம். 0.8இல் திரள்வு தடைபட்டது, சுருக்கம் தள்ளிப்போனது, ஆனால் நிற்கவில்லை. 5இல் சுருக்கமே தடைபட்டது. இரண்டையும் இரண்டு வாக்கியமாக எழுதுங்கள்.

0.8க்கும் 5க்கும் நடுவே எங்கே மாறுகிறது என்பது இன்னும் திறந்தே இருக்கிறது. 1.2, 1.6, 2.5 என்று தொட்டி போட முடியுமா?

---

#19 · மெல்லேடு

போடும்போது நெருக்கம் குறைந்த பிரஷ் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள் தேன்மொழி. நெருக்கமானதும் தளர்ந்ததும் ஒரே செறிவில் மாறினால், மைசெல் நுழைய இடமில்லை என்று நான் சொன்ன கணக்குக்கு இங்கே பெரிய பங்கு இல்லை என்று அர்த்தம். தளர்ந்தது முன்னால் மாறினால், இடநெருக்கடிதான் தடுக்கிறது. எனக்கு அந்த எண்ணைத் தெரிந்துகொள்ள மிகவும் ஆசை.

---

#20 · தேன்மொழி

இரண்டு தகடும் சொல்லிவிட்டேன் அக்கா, அடுத்த வாரம் வருகிறது. 1.2 மில்லிமோல் தொட்டியில் இன்று காலை பையைக் கட்டிவிட்டேன்.